படம் இலவசம்தான், அப்புறம் நிதி எதற்கு? ஈரநிலங்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பணம் கேட்பது பற்றி

கேள்வி சுருக்கமாக இது: ஒரு சிறிய இயற்கைப் பாதுகாப்புக் குழு. தாங்கள் கவனித்துவரும் ஏரிகள், சதுப்புகள், கழிமுகம் எல்லாம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகின்றன என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்காணிக்க விரும்புகிறார்கள். யார் நிதி தருகிறார்கள், எவ்வளவு கேட்கலாம், விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

இந்த வேலையில் நான் படங்களை அலசியும் இருக்கிறேன், பிறர் அனுப்பிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டும் இருக்கிறேன். பெரும்பாலான விண்ணப்பங்கள் எங்கே சறுக்குகின்றன என்றால், செயற்கைக்கோளுக்காகப் பணம் கேட்கிற இடத்தில்தான். நிதி தருபவர் தேடுவது வேறு: கிடைக்கப்போகும் வரைபடத்தை யார் கையில் எடுத்து என்ன முடிவு செய்யப்போகிறார் என்பதைத்தான் அவர் உங்கள் விண்ணப்பத்தில் துழாவுகிறார்.

முதலில் படங்களின் விலை. பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. லேண்ட்சாட் 7 எடுத்த ஒரு படத்தை வாங்க ஒரு காலத்தில் 600 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2008இல் அமெரிக்கா அந்தப் படச் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்க முடிவெடுத்தது. ஈரநில ஆய்வின் போக்கையே மாற்றியது அந்த ஒரு முடிவுதான் என்பேன். அப்புறம் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் 2014இலும், சென்டினல்-2 2015இலும் வந்தன, இரண்டுமே இலவசம். சென்டினல்-2 தன் சில அலைவரிசைகளில் 10 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கிறது, அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகின்றன. படங்களை இணையத்திலேயே அலசிக் கணக்குப் போட கூகுள் எர்த் எஞ்சின் இருக்கிறது, லாப நோக்கில்லாத ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. அதனால் பட்ஜெட்டில் 'படங்கள் வாங்க' என்று பெரிய தொகை இருந்தால், விண்ணப்பித்தவருக்கு இந்தத் துறை பழக்கமில்லை என்று மதிப்பிடுபவர் முடிவு கட்டிவிடுவார்.

விலக்கு உண்டு. அரை ஏக்கர் குளங்கள், பத்து மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள வாய்க்கால்கள், நாணலுக்கு நடுவே திட்டுத்திட்டாக இருக்கும் நீர் இவற்றுக்கு 10 மீட்டர் போதாது. அங்கே 3 மீட்டர் படமோ அதைவிட நுணுக்கமானதோ வேண்டும். அப்போதும் முதலில் பிளானெட் என்ற தனியார் செயற்கைக்கோள் நிறுவனத்தின் கல்வி, ஆய்வுத் திட்டம் மாதிரியான இலவச வழிகளைப் பாருங்கள். ஆனால் இலவசத்தை மட்டுமே நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடாதீர்கள். நார்வே அரசின் பணத்தில் 2020 முதல் வெப்பமண்டல நாடுகள் முழுவதற்கும் 5 மீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் மாதாந்திரப் படங்கள் எல்லோருக்கும் கிடைத்துவந்தன. அருமையான ஏற்பாடு. 2025 ஜனவரியில் அது முடிவுக்கு வந்தது. எர்த் எஞ்சின் மாதிரியான சேவையான மைக்ரோசாஃப்டின் பிளானட்டரி கம்ப்யூட்டரில் இணையத்திலேயே நிரல் எழுத இருந்த பகுதியும் 2024இல் மூடப்பட்டது. 'இந்த வசதி நின்றுபோனால் இப்படிச் செய்வோம்' என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால், எழுதியவர் விவரம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

சரி, யார் தருகிறார்கள்?

சிறு தொகையிலிருந்து தொடங்கலாம். ரஃபோர்டு அறக்கட்டளை வளரும் நாடுகளில் உள்ள இளம் இயற்கைப் பாதுகாவலர்களுக்குத் தருகிறது. முதல் நிதியை ஒழுங்காக முடித்து அறிக்கை கொடுத்தால் அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அதன் பெரிய பலம். கண்காணிப்பு வேலைக்கு இப்படிப் படிப்படியாக ஏறும் நிதி நன்றாகப் பொருந்தும். முகமது பின் சாயித் இனப் பாதுகாப்பு நிதியம் 25,000 டாலர் வரை தருகிறது, ஆனால் அதன் கண் முழுவதும் குறிப்பிட்ட உயிரினத்தின் மேல்தான். 'ஈரநிலப் பரப்பு மாற்றம்' என்று அங்கே போனால் வேலைக்காகாது. 'இந்த நாரை கூடு கட்டும் நாணல்காடு இருபது ஆண்டில் எவ்வளவு சுருங்கியது, மிச்சம் எங்கே இருக்கிறது' என்று போனால் கேட்பார்கள். வேலை இரண்டுக்கும் ஒன்றே, நுழையும் வாசல்தான் வேறு. நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டியும் இதே அளவு தொகைகளில் தருகிறது.

அடுத்த அடுக்கில், உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறுநிதித் திட்டம் 1992 முதல் நடக்கிறது. உள்ளூர் அமைப்புகளுக்கானது, நாட்டுக்கு நாடு தனிக் குழு முடிவெடுக்கும். அங்கே தொழில்நுட்பத்தைவிட ஊர் மக்களின் பங்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். செயற்கைக்கோள் கணக்கை ஒரு சிறு பங்காக வைத்து, வாய்க்கால் சீரமைப்பையோ மீனவர் குழுவின் கண்காணிப்பையோ முதன்மையாக வைத்தால் பொருந்தும். சிஈபிஎஃப் எனப்படும் முக்கியச் சூழலமைப்புக் கூட்டு நிதியம் 2000இல் தொடங்கியது. அது தேர்ந்தெடுத்த பல்லுயிர்ச் செழுமைப் பகுதிகளில், அந்தப் பகுதிக்கான முதலீட்டுக் காலத்தில் மட்டும் தருகிறது. உங்கள் இடம் அந்த எல்லைக்குள், அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்க்காமல் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியவர்கள் உண்டு. பிரிட்டன் அரசின் டார்வின் முன்முயற்சியும் 1992இலிருந்தே இருக்கிறது, தொகையும் பெரிது, எதிர்பார்ப்பும் பெரிது: வறுமைக் குறைப்போடு உங்கள் ஈரநிலத்துக்கு என்ன தொடர்பு என்று கேட்பார்கள்.

அதற்கு மேலே உள்ளவை சிறு குழுக்கள் நேராகத் தட்ட முடியாத கதவுகள். பல்லுயிர்ப் பாதுகாப்புக்காக நாடுகள் 2022இல் ஏற்ற குன்மிங்-மான்ட்ரியால் பல்லுயிர்க் கட்டமைப்புக்கான நிதியம் 2023இல் தொடங்கப்பட்டது. பணம் அரசுகள் வழியாகவும் அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் வழியாகவும்தான் வரும். நாசாவின் ஆய்வு நிதியில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனம் பங்கேற்கலாம், ஆனால் பொதுவிதிப்படி பணம் எல்லை தாண்டி வராது. அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பணம் பெரும்பாலும் அதன் உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கே போகிறது. இங்கெல்லாம் உங்கள் இடம் 'பயனர்' என்ற நாற்காலி. அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். அந்த முகமையின் குளோப்வெட்லேண்ட் போன்ற திட்டங்கள் ஈரநில மேலாளர்களைப் பயனர்களாகச் சேர்த்துக்கொண்டே நடந்தன. மண்ணைத் தெரிந்த, பறவைக் கணக்கு வைத்திருக்கிற ஒரு குழுவின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் பெரிய பல்கலைக்கழகம்கூட அங்கே திணறும். அந்தக் கடிதம் கொடுக்கும்போதே களப்பணிச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் வராது.

யார் படிப்பார்கள் என்பதை ஒப்பந்தங்களோடு இணைத்துச் சொல்வதுதான் பலமான வாதம். ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சர் ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. அதன் 3.2ஆம் பிரிவின்படி, பட்டியலில் உள்ள ஈரநிலத்தின் சூழலியல் தன்மை மாறியிருந்தாலோ, மாறிக்கொண்டிருந்தாலோ, மாற வாய்ப்பிருந்தாலோ உறுப்பு நாடு அதைக் கூடிய விரைவில் அறிந்துகொள்ள ஏற்பாடு செய்திருக்க வேண்டும், தாமதமின்றித் தெரிவிக்கவும் வேண்டும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 6.6.1 என்ற குறியீடு நீர்சார் சூழலமைப்புகளின் பரப்பு மாற்றத்தை அளக்கச் சொல்கிறது. மேலே சொன்ன 2022 பல்லுயிர்க் கட்டமைப்பு, சீரழிந்த பரப்பில் 30 சதவீதத்தை 2030க்குள் மீட்பு நடவடிக்கைக்குள் கொண்டுவரச் சொல்கிறது. சீரழிந்தது எவ்வளவு என்று தெரியாமல் 30 சதவீதத்தை எதிலிருந்து எடுப்பது? உங்கள் எண் இந்த அட்டவணைகளில் எதில் போய் உட்காரும், அதை நிரப்பும் அலுவலகம் எது, அங்கே யாரிடம் பேசியிருக்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். பின்னிணைப்பில் பத்துப் பக்கம் படம் வைப்பதைவிட இந்தப் பத்திக்கு மதிப்பு அதிகம்.

இனி நுட்பப் பகுதி. விண்ணப்பங்கள் விழுகிற இன்னோர் இடம் இது. கொஞ்சம் நின்றே பார்க்கலாம்.

ஈரநிலம் வேறு, திறந்த நீர்ப்பரப்பு வேறு. ராம்சர் வரையறையில் கரிச்சதுப்பு, நாணல்காடு, அலையாத்திக் காடு, கடல் வற்றும் நேரத்தில் 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடல்நீர் எல்லாம் அடங்கும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை அலசி வெளியிட்ட உலக நீர்ப்பரப்புத் தரவு அற்புதமானது: 1984 முதல் 2015 வரை ஏறத்தாழ 90,000 சதுர கி.மீ. நிரந்தர நீர் மறைந்ததையும், அதற்கு இரு மடங்கு நீர் வேறு இடங்களில், பெரும்பாலும் அணைகளால், புதிதாக வந்ததையும் அது காட்டியது. ஆனால் அது வானத்துக்குத் திறந்து கிடக்கும் நீரைத்தான் பார்க்கிறது. ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டால் அந்தக் கணக்கில் ஏரி நிலமாகிவிடும். கோரைக்கு அடியில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலும் அதற்குத் தெரியாது. ஏரி வற்றியதா, தாமரை மூடியதா என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்ற கேள்விக்கு விண்ணப்பத்திலேயே விடை இருக்க வேண்டும்.

ரேடார் ஒரு விடை. மேகம் அதற்குத் தடை இல்லை. சலனமற்ற நீர் ரேடார் அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் தெறித்துவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். நீருக்கு மேலே தண்டுகள் நின்றால் அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, திரும்ப வந்துவிடும். அந்த இடம் பளிச்சென்று வெளுக்கும். சென்டினல்-1இன் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; நாணல், கோரை வரை சமாளிக்கும், அடர்ந்த மரங்களுக்குள் போகாது. அதற்கு 24 செ.மீ. அளவிலான அலை வேண்டும். ஜப்பானின் அலோஸ் செயற்கைக்கோள்கள் அப்படிப்பட்டவை. உலக அலையாத்தி வரைபடங்கள் சிலவற்றுக்கு அவையும் அடித்தளம். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நைசார் அதே அளவு அலைநீளத்தில் 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்க வடிவமைக்கப்பட்டது, தரவும் இலவசம். மரங்கள் சூழ்ந்த சதுப்பு உங்களுடையது என்றால் இப்போது எழுதும் விண்ணப்பத்தில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

கடலோரத்தில் ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது, ஏமாற்றும். ஒரே கரையை ஓதம் ஏறியபோது எடுத்த படத்தையும் வற்றியபோது எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், கிலோமீட்டர் கணக்கில் சேற்றுவெளி 'அழிந்தது' போலத் தெரியும். லேண்ட்சாட்டும் சென்டினல்-2உம் எப்போதும் உள்ளூர் நேரம் காலை பத்து, பத்தரை வாக்கில்தான் கடக்கின்றன. சில கரைகளில் ஓதம் மிகவும் வற்றும் நிலை அந்த நேரத்தில் வரவே வராது. உள்நாட்டு ஈரநிலங்களுக்குப் பருவம் இதே வேலையைச் செய்யும். மழை முடிந்த மாதத்தையும் கோடை உச்சத்தையும் ஒப்பிட்டு 'பாதி அழிந்துவிட்டது' என்று படம் போட்ட விண்ணப்பத்தை முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள்.

கருவி தரும் போலி மாற்றங்களும் உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்மதிப்புகளில் 1000 கூடியது. செயலாக்க முறையை மாற்றியதால் வந்தது அது. அதைக் கழிக்காமல் 2021ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டால் உலகம் முழுவதும் ஒரே இரவில் ஈரநிலங்கள் மாறியது போல இருக்கும். எர்த் எஞ்சினில் சரிசெய்த தொகுப்பு தனியாக இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். சென்டினல்-1 வரிசையின் இரண்டாவது செயற்கைக்கோளான 1பி 2021 டிசம்பரில் பழுதானது. அதற்கு மாற்றான 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பல பகுதிகளில் படங்கள் பாதியாகக் குறைந்தன. வெள்ளம் தேங்கிய நாட்களை எண்ணுபவர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், வெள்ளமே குறைந்துவிட்டதாக முடிவு வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பரப்புக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1,00,000 ஹெக்டேர் ஈரநிலம். உங்கள் வரைபடம் 1,000 ஹெக்டேர் அழிந்ததாகக் காட்டுகிறது, மீதி 99,000 மாறவில்லை. தற்செயலாகத் தேர்ந்த புள்ளிகளை நேரிலோ நுணுக்கமான படத்திலோ சரிபார்க்கிறீர்கள். 'அழிந்தது' என்ற புள்ளிகளில் 80 சதவீதம் சரி. 'மாறவில்லை' என்ற புள்ளிகளில் 99 சதவீதம் சரி. கேட்க நன்றாக இருக்கிறது, ஒட்டுமொத்தத் துல்லியம் 98.8 சதவீதம்! ஆனால் உண்மையில் அழிந்தது எவ்வளவு? முதல் பகுதியில் 800, இரண்டாவதில் தவறிப்போன ஒரு சதவீதம் 990, ஆகமொத்தம் 1,790 ஹெக்டேர். வரைபடத்தில் பிக்சல்களை எண்ணிச் சொன்னதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. அந்த 98.8ஐ மட்டும் அட்டையில் போட்டுப் பெருமைப்படுகிற விண்ணப்பங்கள் ஏராளம். சரிபார்ப்புப் புள்ளிகளைக் கொண்டு பரப்பைத் திருத்தி, பிழை வரம்போடு சொல்வோம் என்று எழுதுங்கள். நம்பிக்கை வருவதற்கு அது ஒன்றே போதும். களப்பணிக்குப் பணம் கேட்கவும் அதுவே நியாயம்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். என் கணக்கில், இப்படிப்பட்ட திட்டத்தில் பாதிக்கு மேல் ஆள் சம்பளத்துக்குப் போக வேண்டும்: படம் அலசத் தெரிந்த ஒருவர், களம் தெரிந்த ஒருவர். நான்கில் ஒரு பங்காவது களச் சரிபார்ப்புக்கு: படகு, எரிபொருள், தங்குமிடம், ஜிபிஎஸ், உள்ளூர் வழிகாட்டிகளின் கூலி. வழிகாட்டிகளின் கூலியைத் 'தன்னார்வம்' என்று எழுதி மிச்சம் பிடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கணினிக்குக் கொஞ்சம். பலர் மறப்பது திட்டம் முடிந்த பிறகான செலவு: நிரலை அடுத்த ஆள் இயக்கும்படி எழுதி வைக்க ஒரு மாதச் சம்பளம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்ட அலுவலகத்துக்குப் பயிற்சி. இரண்டாண்டு நிதியில் ஓர் அடிப்படை வரைபடமும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழியும் கிடைக்கும் என்று சொன்னால் நம்பலாம். 'நிகழ்நேரக் கண்காணிப்புத் தளம்' என்று சொன்னால், நிதி முடிந்த மறுமாதம் அந்தத் தளத்தின் சர்வர் வாடகையை யார் கட்டுவார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

முன்னுதாரணம் ஒன்று வேண்டுமென்றால் மஞ்சள் கடலைச் சொல்லுங்கள். சீனாவுக்கும் கொரியத் தீபகற்பத்துக்கும் நடுவே உள்ள அதன் சேற்றுவெளிகள், வலசை போகும் கரைப்பறவைகள் இறங்கி இரை தேடும் இடம். லேண்ட்சாட் படங்களை ஓதநிலை பார்த்துத் தேர்ந்து ஒப்பிட்டவர்கள், 1980களில் இருந்த சேற்றுவெளியில் 28 சதவீதம் 2000களின் இறுதிக்குள் மறைந்துவிட்டதை 2014இல் வெளியிட்டார்கள். 2018இல் சீனா கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்குவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2019இல் அந்தக் கரையின் ஒரு பகுதி உலக மரபுச் சின்னமானது. செயற்கைக்கோள் கணக்கு மட்டுமே இதைச் செய்தது என்று சொன்னால் மிகை. பறவைகளுக்கு வளையமிட்டு எண்ணியவர்களின் தரவும் நிலப்பரப்பின் தரவும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. உங்களிடம் பழைய பறவைக் கணக்கோ, மீன்பிடிப் பதிவோ, நீர்மட்ட ஏடோ இருந்தால் அதை விண்ணப்பத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எல்லோருக்கும் கிடைக்கும், அந்த ஏடு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

தரவை வெளியிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நிதி தருபவர்கள் இப்போது திறந்த தரவைக் கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அரிய பறவை கூடு கட்டும் இடத்தின் துல்லியமான ஆள்கூறுகளை அப்படியே வெளியிடக் கூடாது. 'ஆக்கிரமிப்பு' என்று படத்தில் தெரியும் வயல், பல தலைமுறையாக ஒருவர் பயிர் செய்துவரும் இடமாகவும் இருக்கலாம். வரைபடத்தைப் பொதுவில் வைப்பதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் காட்டிப் பேசுவோம் என்று எழுதுங்கள், எழுதியபடி செய்யுங்கள்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எர்த் எஞ்சினில் உங்கள் ஈரநிலத்தின் எல்லையை வரைந்து, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்துப் படங்களை எடுத்து, கடந்த முப்பது ஆண்டு நீர்ப்பரப்பை ஒரு கோட்டுப்படமாகப் போடுங்கள். செலவில்லை, பழகியவருக்கு ஓரிரு நாள் வேலை. கோட்டில் எங்கே திடீர் சரிவு வருகிறதோ அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்று ஊரில் விசாரியுங்கள். அந்தப் படமும் ஊர்க்காரர் சொன்ன விளக்கமும் ஒரு பக்கத்தில் அடங்கும். முழு விண்ணப்பத்துக்கு முன் அனுப்பும் விசாரணைக் கடிதத்துக்கு அது போதும். அனுப்பும்போது நாள்காட்டியையும் பாருங்கள். விண்ணப்பித்துப் பணம் கைக்கு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். உங்கள் ஈரநிலம் நிறைந்திருக்கும் பருவத்தில் களப்பணி தொடங்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய வறண்ட மாதங்களிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் முதல் ஆண்டுச் சரிபார்ப்பே கையில் இருக்காது.